தட்டல் நின்றால் வண்டி நிற்க வேண்டும்

போன வாரம் என் கண்ணைக் காட்டிவிட்டு வரலாம் என்று நம் டிரஸ்ட் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தேன். உங்களில் ஒரு தம்பி புது வேனை ரிவர்ஸில் ஷெட்டுக்குள் ஏற்றிக்கொண்டிருந்தார். ஜன்னல் கண்ணாடி எல்லாம் மேலே ஏற்றியிருந்தது. உள்ளே பாட்டு ஓடியது. தம்பியின் பார்வை முழுக்க முன்னால் இருந்த கேமராத் திரையில். பின்னால் கண்ணில் கட்டோடு ஒரு பெரியவர் கம்பை ஊன்றிக்கொண்டு குறுக்கே போனார். அந்தத் திரைப் பெட்டி ‘கீ கீ’ என்று கத்த, தம்பி பிரேக்கைப் போட்டார். பெரியவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

நான் போய்க் கண்ணாடியைத் தட்டினேன். இறக்கினார். "இறங்கிப் பாத்துட்டு எடுக்கப்படாதா தம்பி?" என்றேன். "அதான் கேமரா இருக்குல்லா அண்ணாச்சி" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. வயசான காலத்தில் ஷெட்டில் நின்று சத்தம் போட்டேன். உங்கள் வாகனப் பிரிவு மேற்பார்வையாளர்தான் என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் டீ வாங்கிக் கொடுத்தார். "நீங்க ஏசினா யாரு கேக்கப் போறா? எழுதித் தாங்க, புதுசா வந்த டிரைவர்களுக்கு வாசிக்கக் கொடுக்கேன்" என்றார். அதனால் எழுதுகிறேன். ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் ஒடிப்பது, எங்கே நேராக்குவது என்பதெல்லாம் இதில் இருக்காது. அது உங்களுக்கே தெரியும், தெரியாவிட்டால் ரெண்டு சுவரில் உரசினால் வந்துவிடும்.

நான் அந்தத் தம்பி மேல் மட்டும் கோபப்படவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "அதான் கேமரா இருக்குல்லா" என்ற வார்த்தையை இந்த டிரஸ்டில் முதன்முதலில் சொன்னவன், அப்போது இங்கே லாரி ஓட்டிக்கொண்டிருந்த இந்தச் சங்கரபாண்டிதான்.

தொண்ணூறுகளின் கடைசிப் பகுதி அது. டிரஸ்டுக்கு வெளிநாட்டுக்காரர்கள் ஒரு டிரெய்லரை அன்பளிப்பாக அனுப்பினார்கள். அங்கெல்லாம் குடும்பத்தோடு ஊர் சுற்றப் போகிறவர்கள் காருக்குப் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துப்போகிற வீட்டு வண்டி. உள்ளே இருந்த கட்டிலையும் அடுப்பையும் எடுத்துவிட்டு, கண் பரிசோதிக்கிற நாற்காலியும் விளக்கும் வைத்திருந்தார்கள். தூத்துக்குடி துறைமுகத்துக்குப் போய், எங்கள் சின்ன லாரியில் மாட்டி நான்தான் இழுத்து வந்தேன். வெள்ளை வெளேரென்று இருக்கும். வழியில் டீக்கடைகளில் இருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் அன்றைக்கே ஏறிவிட்டது.

அந்த வண்டியில் ஒரு கோளாறு. அவர்கள் நாட்டில் எல்லாரும் வலப்பக்கமாக ஓட்டுகிறவர்கள், அதனால் கதவும் வலப்பக்கம். நம் ஊரில் இடப்பக்கம் ஓரங்கட்டினால் கதவு நடுரோட்டைப் பார்த்துத் திறக்கும். கண்ணில் சொட்டுமருந்து விட்டுப் பார்வை மங்கி இறங்குகிற ஆளை பஸ்ஸுக்கு முன்னாலா இறக்கிவிட முடியும்? எனவே எந்த ஊர் முகாமுக்குப் போனாலும் ஒரு சந்திலோ பள்ளிக்கூட காம்பவுண்டிலோ பின்னோக்கி ஏற்றித்தான் நிறுத்த வேண்டும். லாரி ஒன்று, அதற்குப் பின்னால் இன்னொரு லாரி நீளத்துக்கு டிரெய்லர், நடுவில் ஒரு கொக்கி. பக்கக் கண்ணாடியில் பார்த்தால் டிரெய்லரின் வெள்ளைச் சுவரைத் தவிர ஒன்றும் தெரியாது.

அதற்குத்தான் மைதீன் இருந்தார். டிரெய்லர் வருவதற்கு முன்பே அஞ்சு வருஷமாக என் லாரியில் கிளீனர். கிளீனர் என்றதும் சின்ன வயசு ஆள் என்று நினைக்க வேண்டாம், என் வயசுதான், நாற்பது தாண்டியவர். மேலப்பாளையத்துக்காரர். தறிக்காரக் குடும்பம், தறியில் உட்கார முதுகு ஒத்துக்கொள்ளாமல் லாரிக்கு வந்தவர். எனக்கும் அவருக்கும் ஆகாது. சண்டை என்று ஒன்றும் கிடையாது. ஆனால் அவர் வேலை செய்கிற விதம் எனக்கு எரிச்சலாக இருக்கும்.

எப்படி என்று சொல்கிறேன். வண்டி போய் நின்றதும் மைதீன் இறங்குவார். ஏற்ற வேண்டிய இடம் முழுக்கக் காலால் நடப்பார். செருப்பைக் கழற்றிவிட்டு நடப்பார். அண்ணாந்து மின்கம்பி, ஓட்டுச்சாய்ப்பு எல்லாம் பார்ப்பார். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, "இங்கன யாரும் படுத்திருப்பாகளா? ஆடு கெட்டுவியளா?" என்று விசாரிப்பார். இதற்கே கால் மணி நேரம் போகும். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உள்ளே வேர்த்துக் கொட்டி உட்கார்ந்திருப்பேன்.

அதன் பிறகு பின்னால் போய் டிரெய்லரின் தகரத்தை உள்ளங்கையால் தட்ட ஆரம்பிப்பார். மற்ற கிளீனர்கள் "வரட்டும் வரட்டும்" என்று கத்தி, நிறுத்த வேண்டும் என்றால் ஓங்கி ரெண்டு அடி அடிப்பார்கள். மைதீன் கத்தவே மாட்டார். தட்டிக்கொண்டே இருப்பார், தட்டுகிறவரை நான் பின்னால் வரலாம். தட்டல் நின்றால் வண்டி நிற்க வேண்டும். ஏன் இப்படித் தலைகீழாக வைத்திருக்கிறீர் என்று ஒருநாள் கேட்டேன். "நான் தடுக்கி உம்ம வீலுக்கு அடியில விழுந்துட்டேன்னு வையும். நிப்பாட்டுன்னு எவன் வந்து தட்டுவான் வே?" என்றார்.

வள்ளியூரில் ஒரு பள்ளிக்கூட மைதானம். ஜனம் வரிசையில் நிற்கிறது. மைதீன் நடந்துகொண்டே இருக்கிறார். நான் ஹாரன் அடித்தேன். ஜன்னல் பக்கம் வந்து, "இரும் வே. ஒரு இடத்துல தரை சத்தம் வேற மாதிரி கேக்கு" என்றார். குதிகாலால் மிதித்துக் காட்டினார். மண்ணைத் தள்ளிப் பார்த்தால் ஒரு கல்பலகை, அதற்குக் கீழே மூடிப்போட்ட பழைய கக்கூஸ் குழி. டிரெய்லர் சக்கரம் அதில் ஏறியிருந்தால் அன்றைக்கு டாக்டரும் நர்சுகளும் உள்ளே உட்கார்ந்தபடியே கவிழ்ந்திருப்பார்கள். நான் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டிருக்க வேண்டும். "சரி சரி, வெயில் ஏறுதுல்லா, சீக்கிரம் வாரும்" என்றேன். என் லட்சணம் அது.

டிரெய்லரின் பின்பக்க உச்சியில் ஒரு கேமரா இருந்தது. லாரிக்குள் வைக்க, ரேடியோ அளவில் ஒரு கறுப்புவெள்ளைத் திரையும் கொடுத்திருந்தார்கள். வந்து ஐந்தாறு மாதம் அது வெறும் அலங்காரம்தான், நம் லாரி மின்சாரத்துக்கு ஒத்துவரவில்லை. அப்புறம் டவுனில் டிவி ரிப்பேர் பார்க்கிற ஒருவர் எதையோ இணைத்து அதற்கு உயிர் கொடுத்தார். திரையில் எனக்குப் பின்னால் இருக்கிற தெரு தெரிந்தது. ஒரு நாய் படுத்திருந்தது, அது காதைச் சொறிந்துகொண்டது கூடத் தெரிந்தது. நான் சின்னப்பிள்ளை மாதிரி சிரித்தேன். மைதீன் எட்டிப் பார்த்துவிட்டு, "கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு" என்று மட்டும் சொன்னார்.

திசையன்விளை முகாமுக்கு மைதீன் காய்ச்சலில் வரவில்லை. நான் தனியாகத் திரையைப் பார்த்து, சந்தைக்குப் பக்கத்தில் ரெண்டு சுவருக்கு நடுவில் ஒரே மூச்சில் ஏற்றிவிட்டேன். நின்ற கூட்டம் கை தட்டியது. எங்கள் மேனேஜர் அன்றைக்குக் கூட வந்திருந்தார். டவுனில் பெரிய குடும்பம், நல்ல படிப்பு, சட்டை மடிப்புக் கலையாது. அவர் என் தோளைத் தட்டி, "என்ன பாண்டி, இது இருக்கும்போது பின்னால ஒரு ஆளு எதுக்கு?" என்று கேட்டார்.

தம்பிகளே, அந்த இடத்தில் நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? வள்ளியூர்க் குழியைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். கேமராவுக்குக் கால் கிடையாது, தரையை மிதித்துப் பார்க்காது என்று சொல்லியிருக்கலாம். கை தட்டல் காதில் கேட்டுக்கொண்டிருந்தது. "தேவையில்ல சார், அதான் கேமரா இருக்குல்லா" என்றேன்.

மறுவாரம் மைதீனை ஆஸ்பத்திரி கேட்டுக்கு மாற்றினார்கள். எழுத்தில் உத்தரவு எதுவும் இல்லை, வாய்ச்சொல்தான். பதிவேட்டில் அவர் பெயர் லாரிக் கிளீனராகவே இருந்தது. அதை அப்போது நான் கவனிக்கவில்லை, பின்னால் அதுவே வினையாக வந்தது. மைதீன் தன் துண்டையும் சாப்பாட்டுத் தூக்கையும் லாரியிலிருந்து எடுத்துக்கொண்டார். என்னிடம், "கண்ணாடிய எறக்கி வச்சே ஓட்டும் வே" என்றார்.

அடுத்து மேலப்பாளையம் முகாம்.

தறிக்காரர் தெரு ஒன்றில் ஏற்பாடு. அந்தத் தெருக்களில் காலையில் பாவு நீட்டுவார்கள். தறியில் ஏற்றப்போகிற நூலை இடுப்பு உயரத்துக்குத் தெரு நீளத்துக்கும் விரித்துக் கட்டி, கஞ்சி போட்டு உலர்த்துவார்கள். பெண்கள் அடியில் குனிந்து உட்கார்ந்து அறுந்த இழைகளை ஒவ்வொன்றாக முடிவார்கள். வெயில் கடுமையாவதற்குள் சுருட்டிவிடுவார்கள். பத்து மணிக்கு வண்டி வரும் என்று முகாம் ஏற்பாடு செய்தவர்கள் தெருவில் சொல்லியிருந்தார்கள். ஒன்பதரைக்குள் சுருட்டிவிடுகிறோம் என்று தெருக்காரர்களும் ஒத்துக்கொண்டிருந்தார்கள்.

முதல் நாள் சாயங்காலம், திறந்துவைக்க வருகிற பெரிய மனிதருக்கு வேறு வேலை வந்துவிட்டது, எட்டரைக்கே வருவார் என்று தகவல். மேனேஜர் வண்டியை எட்டு மணிக்கே கொண்டுவரச் சொன்னார். தெருவுக்கு யாரும் சொல்லவில்லை. மைதீன் வண்டியில் இருந்திருந்தால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போகும்போதே சொல்லியிருப்பார், அவர் வீடு ரெண்டு தெரு தள்ளித்தான். அவர் கேட்டில் நின்றுகொண்டிருந்தார், நேரம் மாறின தகவல் அவருக்குப் போகவில்லை.

எட்டு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது மெயின் ரோட்டில் நின்றோம். மேனேஜர் லாரிக்குள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நான் இறங்கிப் பார்க்கக் கதவில் கை வைத்தேன். அதைச் சொல்லாமல் விடக்கூடாது, கை வைத்தேன். "நேரம் ஆச்சு பாண்டி. அதான் டிவி இருக்கே, பாத்து எடும்" என்றார். பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு நின்றது. புகை வருகிறது, கண்ணாடியை ஏற்றுங்கள் என்றார். ஏற்றினேன்.

அந்தத் தெரு மெயின் ரோட்டிலிருந்து கிழக்கே போகும். ரிவர்ஸில் திரும்பினதும் காலை வெயில் நேராகக் கேமராவில் விழுந்தது. திரை முழுக்க வெள்ளை. சுவர் விளிம்பு ரெண்டும் லேசாகக் கோடு மாதிரி தெரிந்தது, நடுவில் ஒன்றும் இல்லை. மேனேஜரும் பார்த்தார். "நல்லா காலியாத்தான கெடக்கு" என்றார். நானும் காலி என்றுதான் நினைத்தேன். அந்தத் திரை எனக்கு ஒன்றும் காட்டவில்லை, காட்டாததை நான் காலி என்று எடுத்துக்கொண்டேன். இன்றைக்கு நினைத்தாலும் என் செவிட்டில் நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

தெரு முனையில் டீக்கடைக் கூட்டம். நம் ஊரில் எவன் வண்டியை ரிவர்ஸ் எடுத்தாலும் போகிறவன் வருகிறவன் எல்லாரும் வாத்தியார் ஆகிவிடுவார்கள். ஒருத்தர் கண்ணுக்கும் தெருவின் உள்பக்கம் தெரியாது, ஆனால் ஆளாளுக்குக் கையை வீசிக்கொண்டு, "வரட்டும் வரட்டும், இன்னும் வரட்டும்" என்று கத்தினார்கள். உள்ளேயிருந்து தெருக்காரர்கள் "நிப்பாட்டு நிப்பாட்டு" என்று கத்தியிருக்கிறார்கள். மூடின கண்ணாடிக்குள் எனக்கு எல்லாம் ஒரே இரைச்சலாகத்தான் கேட்டது. கத்தி நிறுத்துகிற முறையின் லட்சணம் இவ்வளவுதான். பத்துப் பேர் கத்துகிற இடத்தில் பதினோராவது ஆள் கத்தல் காதில் ஏறாது.

சேலையில் முள் மாட்டினால் ஒரு இழுப்பு இருக்குமே, அந்த மாதிரி வண்டி லேசாக இழுபட்டது. திரையில் வெள்ளைக்கு மேல் வெள்ளையாக என்னவோ வந்து விழுந்தது. இழுத்துக் கட்டியிருந்த பாவு நூல் அறுந்து தெறித்துக் கேமரா மேல் விழுந்திருந்தது. பிரேக்கை மிதித்தேன்.

இறங்கி ஓடினேன். பாவின் முனையைக் கட்டியிருந்த கம்பை டிரெய்லர் தள்ளிக்கொண்டு போய் சுவரோடு அழுத்தியிருந்தது. கம்புக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு பெண்ணின் வலது கை. ஜொகரா என்று பெயர், முப்பத்தைந்து வயசு இருக்கலாம். அடியில் உட்கார்ந்து இழை முடிந்துகொண்டிருந்தவர். அவர் வீட்டுக்காரர் செய்யது அவரைத் தோளோடு பிடித்து இழுத்திருக்கிறார், உடம்பு வந்துவிட்டது, கை வரவில்லை. அந்தப் பெண் சத்தம் போடவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் திரும்பி ஓடி, வண்டியை ஒரு முழம் முன்னால் எடுத்தேன். அந்த ஒரு முழம் எடுப்பதற்குள் கிளட்ச் ரெண்டு தடவை நழுவியது.

முகாமுக்கு வந்திருந்த கண் டாக்டர் ஓடிவந்தார். டிரெய்லருக்குள் கண்ணுக்கு வைத்துக் கட்டுகிற வட்டப் பஞ்சுதான் இருந்தது. அதை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கையைச் சுற்றிக் கட்டினார். ஆட்டோவில் பாளையங்கோட்டைக்குக் கூட்டிப்போனார்கள். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் நசுங்கிவிட்டன. இழை முடிகிறவர்களுக்கு அந்த ரெண்டு விரலும் கட்டைவிரலும்தான் பிழைப்பு.

அப்புறம் நடந்ததைத்தான் என்னால் இன்றைக்கும் பொறுக்க முடியவில்லை. எட்டரைக்குப் பெரிய மனிதர் வந்தார். மேனேஜர் ஆள் வைத்து அறுந்த நூலையெல்லாம் விளக்குமாற்றால் ஓரத்துக்குத் தள்ளச் சொன்னார். டிரெய்லர் கதவில் ரிப்பன் கட்டினார்கள். அவரும் வெட்டினார். ஏழைகளின் கண்ணொளி பற்றி நாலு வார்த்தை பேசினார். அவரிடம் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. லாரியின் நிழலில் வாயை மூடிக்கொண்டு நின்றேன். தெருவில் இருந்து ஒருத்தர்கூடக் கண் காட்ட வரவில்லை. மெயின் ரோட்டில் போனவர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் போட்டோ எடுத்தார்கள்.

மறுநாள் காலை மேனேஜர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். அத்தனை வருஷத்தில் அவர் என்னை உட்காரச் சொன்னது அன்றைக்குத்தான். டைப் அடித்த ஒரு தாளை நீட்டினார். நான் சொல்வது போல எழுதியிருந்தது. வாகன உதவியாளர் மைதீன் முகாம் நடந்த பகுதியில் தன் வீடு இருந்ததால், அனுமதி இல்லாமல் பணியிடத்தை விட்டுப் போய்விட்டார். வழிகாட்ட ஆள் இல்லாததால் விபத்து நேர்ந்தது. கீழே என் பெயர், கையெழுத்துப் போட இடம்.

"சார், அவரு கேட்டுலல்லா நின்னாரு" என்றேன்.

"பதிவேட்டுல அவரு உம்ம வண்டிலதான இருக்காரு?" என்றார் மேனேஜர். பொறுமையாகத்தான் பேசினார். "யாராவது ஒருத்தரு பேருல போகணும் பாண்டி. உம்ம பேருல போனா லைசென்ஸ் போயிரும். ரெண்டு பொம்பளப்பிள்ளைய வச்சிருக்கீரு. அவரு கிளீனர்தான, வேற எங்கயாவது ஏறிக்கிடுவாரு."

அந்தத் தாள் எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரியும். வேலை போவது ஒரு பக்கம். ஜொகரா மைதீனுக்கு ரெண்டு தெரு தள்ளி. இவன் வீட்டுக்குப் போய்ச் சோறு தின்றான், அதனால்தான் நம் பிள்ளை கை போனது என்று அந்த ஊர் சாகிறவரைக்கும் சொல்லும். பள்ளிவாசலில் அவருக்குப் பக்கத்தில் ஒருத்தரும் நிற்க மாட்டார்கள். தெரிந்தும் நான் பேனாவை எடுத்தேன். என் பெயரின் முதல் எழுத்தைப் போட்டேன். ‘ச’ போட்டு ஒரு புள்ளி வைத்தேன்.

மேனேஜர் அறை ஜன்னல் கேட்டைப் பார்த்து இருக்கும். வெளியே மருந்து கொண்டுவந்த ஒரு வேன் ரிவர்ஸில் உள்ளே வந்துகொண்டிருந்தது. மைதீனுக்கு அது வேலை இல்லை, கேட்டைத் திறந்து மூடினால் போதும். ஆனாலும் பின்னால் நின்று தட்டிக்கொண்டிருந்தார். அவருடைய தட்டல் எனக்குத் தெரியாதா? ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. சட்டென்று நின்றது.

என் கை நின்றுவிட்டது.

தயவுசெய்து இதை மனசாட்சி என்று சொல்லி என்னைப் பாராட்ட வேண்டாம். மனசாட்சி இருந்திருந்தால் ‘ச’ போட்டிருக்க மாட்டேன். ஆறு வருஷமாக அந்தச் சத்தம் நின்றால் கையும் காலும் நிற்கும்படி அந்த ஆள் என்னைப் பழக்கி வைத்திருந்தார். பழக்கம்தான் என்னை நிறுத்தியது. நின்ற பிறகுதான் நான் எங்கே போய்க்கொண்டிருக்கிறேன் என்றே பார்த்தேன்.

தாளைத் திருப்பிப் போட்டேன். பின்பக்கத்தில் எழுதினேன். மைதீன் ஆபீஸ் உத்தரவுப்படி கேட்டில் இருந்தார். ஆள் தேவையில்லை என்று சொன்னது நான். நேரத்தை முன்னால் தள்ளினதைத் தெருவுக்குச் சொல்லவில்லை. திரையில் ஒன்றும் தெரியவில்லை, அதைக் காலி என்று நினைத்துப் பின்னால் எடுத்தேன். இறங்கிப் பார்க்கவில்லை. முழுக் கையெழுத்தும் போட்டேன். மேனேஜர் வாசித்துவிட்டு, "உமக்குக் கிறுக்கு பிடிச்சிருக்கு" என்றார். "ஆமா சார், இப்பத்தான் தெளிஞ்சுது" என்றேன். கோபத்தில் வந்துவிட்டது. கதவைச் சாத்துகிற சத்தம் ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்டிருக்கும்.

லைசென்ஸை எட்டு மாதம் பிடித்து வைத்தார்கள். அதுவரை என்னைக் கேட்டில் போட்டார்கள், மைதீனை மறுபடி வண்டியில் ஏற்றினார்கள். கேட்டில் நான் நின்ற முதல் நாள், லாரி வெளியே போகும்போது மைதீன் இறங்கி என்னிடம் வந்தார். நன்றி சொல்லப்போகிறார் என்று நினைத்தேன், பாருங்கள் என் நினைப்பை.

"நீரு எழுதினதச் சொன்னாக" என்றார். "சரி. என்னைய வேண்டாம்னு சொன்னதும் நீருதான வே? அது எனக்கு இப்பத்தான் தெரியும். நான் மேனேஜர் பண்ணின வேலைன்னு நெனச்சு ஒரு மாசமா அந்த மனுசன ஏசிக்கிட்டு இருந்தேன்."

"தப்புத்தான்" என்றேன்.

"தப்புன்னா? ஜொகரா கைய வாங்கியாந்து குடும், பாப்போம்" என்றார். அந்த எட்டு மாதமும் என்னிடம் வேறு பேச்சுப் பேசவில்லை. கேட்டைத் திறந்தால் முன்னால் பார்த்துக்கொண்டு போவார். எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. அது நியாயமே இல்லாத கோபம், ஆனாலும் வந்தது.

நான் திரும்பி வண்டிக்கு வந்த பிறகு, மேனேஜரும் மாற்றலாகிப் போன பிறகு, டிரஸ்ட் மறுபடி மேலப்பாளையத்தில் அதே தெருவில் முகாம் போட்டது. யாரும் வரமாட்டார்கள் என்று ஆபீசில் சொன்னார்கள். மைதீன்தான் வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். அன்றைக்கு வண்டி பதினொரு மணிக்குத்தான் போனது, தெருவில் கடைசிப் பாவு சுருட்டின பிறகு. மைதீன் செருப்பைக் கழற்றினார். நானும் இறங்கினேன், நானும் கழற்றினேன். அவர் ஒரு சுவரோரம் நடந்தார், நான் இன்னொரு சுவரோரம். அந்த இடம் வந்ததும் நான் நின்றேன். சுவரில் காரை பெயர்ந்த தழும்பு அப்படியே இருந்தது. "பைய வாரும்" என்றார் மைதீன், என்னைப் பார்க்காமல்.

திரையை நான் மூடவில்லை. அது காட்டுகிறதையும் பார்த்தேன். கண்ணாடியை இறக்கி, தட்டலையும் கேட்டேன். கேமராவைக் குப்பையில் போடச் சொல்லி இதை எழுதவில்லை, தம்பிகளே. உங்களைப் போலவே அதுவும் வெயில் நேரே விழுந்தால் கண் கூசுகிற ஒரு ஆள். அதன் பேச்சை மட்டும் கேட்டு வண்டியை எடுக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

வண்டி நின்றது. ஒரு மணி நேரம் ஒருத்தரும் வரவில்லை. கதவுகள் பாதி திறந்திருந்தன, ஆட்கள் உள்ளிருந்து பார்த்தார்கள். டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார். அப்போது எதிர் வீட்டிலிருந்து ஜொகரா வந்தார். வலது கையை முந்தானைக்குள் வைத்திருந்தார். நேராக டிரெய்லர் படிக்குப் போகாமல், முதலில் பின்பக்கம் போய் வண்டிக்கும் சுவருக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்த்தார். அப்புறம் லாரிக்கு வந்து என் ஜன்னலுக்குக் கீழே நின்றார். தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது.

"வண்டி ஓட்டுதவுக நீங்கதான?" என்றார்.

"ஆமாம்மா."

"இன்னைக்கு எறங்கிப் பாத்தியளா?"

"பாத்தேம்மா."

என்னையே பார்த்தார். அன்றைக்குச் சுவரோரம் இருந்து பார்த்த அதே பார்வை. "கைதான் போச்சு. கண்ணும் மங்கிக்கிட்டு வருது, அதயாவது பாப்போம்னு வந்தேன்" என்றார். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அவர் அதற்காகக் காத்திருக்கவில்லை. திரும்பிப் போய், இடது கையால் கம்பியைப் பிடித்துப் படியேறினார். அதன் பிறகு எதிர் வீட்டுக் கதவு திறந்தது, அடுத்த வீட்டுக் கதவும் திறந்தது.

ஜொகரா கேட்ட அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடிகிறவன் மட்டும் நாளைக் காலையில் ரிவர்ஸ் கியரைப் போடட்டும். மற்றவன் சாவியை ஆபீசில் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகட்டும்.